ஆயிரத்தைநூறு ரூவாயும் ரெண்டு காதும்

மருமவனே, ஒன் கூட்டாளி எழுதிக் குடுத்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிச்சிட்டேன். அருமையான பய. மொத அயிட்டம் 600 ஓம் ஹெட்போன். ரெண்டாவது, பேஸ் அடிச்சா மண்டை ஓடு கழண்டுக்கிடும்னு பேர் வாங்குனது. மூணாவதுல பாட்டுக்குத் தக்கன பச்சை லைட்டு எரியுமாம். காதுல எரியிற லைட்டை நீ எப்பிடிப் பாப்பேன்னு அவங்கிட்டக் கேட்டியாலே? கையில இருக்கது ஆயிரத்தைநூறு ரூவா. பரீட்சை முடியிற வரைக்கும் போனை எந்தங்கச்சி பீரோவுல வச்சிப் பூட்டிட்டு, பாட்டு மட்டும் பாடுற இந்தப் பெட்டியக் குடுத்திருக்கா. நம்மூர்த் தீப்பெட்டி அளவுதான் இருக்கு. இத வச்சிக்கிட்டு 600 ஓமை ஓட்டப் போறாகளாம் தொர. ஓட்டுங்க, ஓட்டுங்க.

எனக்கு என்ன தெரியும், குழா கட்டுனவன். கோவில்பட்டி சுத்துப்பட்டுல எந்தக் கோயில் கொடையா இருந்தாலும் மரத்துல ஏறி ஹாரன் கட்டி வயித்தக் கழுவுனவன். ஆனா ஓம்னா என்னன்னு எனக்குப் பொஸ்தகம் படிச்சித் தெரியல, ஷாக்கடிச்சித் தெரியும். ஹாரனுக்குப் பின்னால திருகியிருக்க யூனிட்டுல 16 ஓம்னு பொறிச்சிருக்கும். ஆம்ப்ளிபயர் முதுகுல 4, 8, 16னு வரிசையாத் திருகாணி இருக்கும். நாலு யூனிட்டைப் பேரலல்ல இழுத்தா 4 ஓம். அதுக்குரிய திருகாணியில மாட்டிட்டா விடிய விடியப் பாடும். அந்நேரம் பாத்து வரி குடுத்த பெரிய மனுசர் ஒருத்தரு வந்து நிப்பாரு: "அஞ்சாவதா ஒண்ணு எங்க தெரு முக்குல கட்டு." கட்டுனா 3 ஓம் சில்லறைக்கு எறங்கிரும், ஆம்ப்ளிபயர்ல கைவைக்க முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்குப் புகை வரும். நான் மறுத்தே பேசமாட்டேன். "ஆகட்டும் அண்ணாச்சி"ன்னு தலைய ஆட்டிட்டு, குழாயக் கட்டிருவேன், வயரை மட்டும் மாட்டாம விட்டுருவேன். மறுநா காலையில அந்த மனுசன் வெத்தல குடுத்துச் சொல்லுவாரு: "ஊருக்குள்ள நம்ம தெருக் குழாதாம்லே கணீர்னு கேட்டுச்சு." அந்தக் கதைய மனசுல வச்சிக்கோ, கடைக்குப் போனா ஒதவும்.

ஹெட்போனும் அதே சங்கதிதான், அளவுதான் சின்னது. ஓம் கூடக் கூட உள்ள போற கரண்டு கொறையும். ஒன் பெட்டி அரை வோல்ட்டு தள்ளுதுன்னு வச்சிக்கோ. 16 ஓம் இயர்போனுக்கு 15 மில்லிவாட்டுக்கு மேல போயிச் சேரும். 300 ஓம் சாமானுக்கு ஒரு மில்லிவாட்டு தேறாது. 600க்கு அதுலயும் பாதி. ஜெர்மன்காரன் பேயர்டைனமிக் டிடி 880ன்னு ஒரு ஹெட்போனை 32, 250, 600ன்னு மூணு விதமாச் செஞ்சான்னா வேலயில்லாமயா செஞ்சான்? 600ங்கிறது மேசையில தனி ஆம்ப்ளிபயர் வச்சிருக்கவனுக்கு. 32 ஒன்னைய மாதிரி சட்டப்பையில பெட்டி வச்சிருக்கவனுக்கு. அது வெலய நீ கேக்கவே வேண்டாம், பரீட்சைக்குப் படிக்கணும்லா. ஒங்கூட்டாளிக்கு 600 பெரிய நம்பரா இருக்கவும் நல்ல நம்பராத்தான் இருக்கும்னு தோணிருச்சி. அவன் கணக்குல எத்தன மார்க்கு? சரி, விடு. நீ 16ல இருந்து 32க்குள்ள பாரு.

சாமான் வார அட்டைப்பெட்டி மேல அடுத்தாப்ல சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு போட்டிருப்பான். ஒரு மில்லிவாட்டு குடுத்தா எத்தன டெசிபல் சத்தம் வரும்ங்கிற கணக்கு. 100 பக்கத்துல இருந்தாப் போதும், ஒன் பெட்டி பேச்சக் கேக்கும். ஆனா இதுல ஒரு சாமர்த்தியம் இருக்கு பாரு, எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சி. சில கம்பெனிக்காரன் மில்லிவாட்டுக்கு எத்தனன்னு எழுதுதான். சில கம்பெனிக்காரன் வோல்ட்டுக்கு எத்தனன்னு எழுதுதான். ஒரே 16 ஓம் சாமானை மில்லிவாட்டுக்கு 100ன்னும் எழுதலாம், வோல்ட்டுக்கு 118ன்னும் எழுதலாம். ரெண்டும் நெசம், எவன் மேலயும் கேசு போட முடியாது. ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நீ எதை எடுப்பேன்னு அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரொம்பக் கூடுதலா இருந்தாலும் வம்புதான், பாட்டு ஆரம்பிக்கதுக்கு முந்தியே 'உஸ்ஸு'ன்னு இரைச்சல் வந்து உக்காந்துக்கிடும்.

அதுக்குக் கீழ 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்னு ஒரு வரி. மனுசக் காது 20ல இருந்து 20,000 வரைக்கும்பாக, அதுவும் ஒன்னைய மாதிரி இளவட்டத்துக்கு. வயசாக வயசாக மேல இருக்கது ஒவ்வொண்ணாக் கழண்டு போகும். சொவர்க்கோழி கத்துறதே எனக்கு இப்பக் கேக்கமாட்டேங்கு. ஒங்க அத்த கத்துறது மட்டும் பழுதில்லாமக் கேக்கு. எஃப்எம் ரேடியோ 15,000 ஹெர்ட்ஸோட நிறுத்திக்கிடுது, அதுல பாட்டுக் கேட்டவன் எவனும் கொறஞ்சி போகல. 40,000 வௌவாலுக்கு ஆகும். பெருமாள் கோயில் மண்டபத்துல தலகீழாத் தொங்குது, வேணும்னா ஒரு ஜோடி கொண்டு போயி மாட்டிவிடு. தங்கக் கலர்ல 'ஹை-ரெஸ்'னு ஒட்டுத ஸ்டிக்கர் ஜப்பான் ஆடியோ சங்கத்துது. 40,000த்தை எட்டணும்ங்கிறது அதுக்கு ஒரு விதி. எட்டட்டும், நல்ல காரியம். நடுவுல, பாடுறவுக கொரல் குடியிருக்க எடத்துல, சத்தம் எப்பிடி இருக்குன்னு அந்த ஸ்டிக்கர் வாயத் தொறக்காது. எத்தன டெசிபல் ஏத்த எறக்கத்துக்குள்ளன்னு பக்கத்துல போடாத ஹெர்ட்ஸ் கணக்கு பெட்டிக்கு அலங்காரம், அம்புட்டுத்தான். உள்ள இருந்து பாடுற டிரைவர் 14 மில்லியா 10 மில்லியாங்கிறதும் அதே கணக்குல சேத்தி.

பேஸ் வேண்டாம்னு எவன் சொன்னான்? வேணும். ஆனா 'எக்ஸ்ட்ரா' வேண்டாம். கீழ்ச்சத்தத்தை அளவு தெரியாம ஏத்தி வச்சா பாடுறவுக கொரல் அதுக்குள்ள அமுங்கிரும். ராஜா பாட்டுல பேஸ் கிடார் தன்னால ஒரு பாட்டுப் பாடிக்கிட்டு அடியில போகும். அது ஒவ்வொரு சொரமா காதுல விழணும். எல்லாச் சொரமும் 'தொம் தொம்'னு ஒரே மாதிரி விழுந்துச்சின்னா அது ராஜா பாட்டு இல்ல மருமவனே, மினிபஸ் பாட்டு.

இப்பச் சொல்லப் போறதுக்குக் காசு கெடையாது. அதனால ஒனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லுதேன்.

இயர்போன் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கவர்ல கூடுதலா ரெண்டு மூணு ஜோடி ரப்பர் இருக்கும், சின்னது பெருசுன்னு. முக்காவாசிப் பேரு கடையில மாட்டி வந்ததையே மாட்டிக்கிட்டு, அந்தக் கவரைப் பெட்டியோட பரண்ல போட்டுருதாக. வாங்குன சத்தத்துல பாதி அந்தக் கவருக்குள்ளதாம்லே இருக்கு. காது ஓட்டைய ரப்பர் இடுக்கில்லாம அடைச்சாத்தான் பேஸ் நிக்கும். மயிரெழ இடுக்கு கெடச்சாலும் அது வழியா ஓடிரும், மிச்சம் தகரச் சத்தம். ஒடனே நீ என்ன செய்வ? "பேஸே இல்ல மாமா, டப்பா"ன்னு சொல்லி அடுத்ததுக்குக் காசு சேப்ப.

மாட்டுறதுக்கும் மொற இருக்கு. வலது கையத் தலைக்குப் பின்னால கொண்டு போயி எடது காது மடலைப் பிடி. மேலயும் பின்னாலயும் லேசா இழு. ஓட்டை நேராகும். இப்ப எடது கையால சொருகிட்டு மடலை விடு. வாத்தியாரு திருகுனப்பக் காதை இழுத்துப் பழக்கம் இருக்கும்லா, அதே பக்கந்தான். பாட்டை ஓடவிட்டு, இயர்போனை ஒரு வெரலால மெதுவா உள்ள அமுக்கு. அமுக்குனதும் பேஸ் குதிச்சி வந்துச்சின்னா ரப்பர் பத்தல, அடுத்த சைஸுக்குப் போ. அமுக்குனாலும் அமுக்காட்டாலும் ஒரே மாதிரி இருந்துச்சின்னா சரியா உக்காந்திருக்கு. ரெண்டு காது ஓட்டையும் ஒரே அளவா இருக்கணும்னு சட்டமில்ல. ஒண்ணுக்கு நடுவாந்தரம், இன்னொண்ணுக்குப் பெருசுன்னு மாட்டலாம், பொண்ணு பாக்க வாரவுக அதையெல்லாம் பாக்க மாட்டாக. எந்த ரப்பரும் சேரலன்னா நசுக்கிச் சொருகுற ஃபோம் தனியா விக்கான். உள்ள போயி விரிஞ்சி அடைச்சிக்கிடும். வேர்வையில சீக்கிரம் நஞ்சிரும், அது ஒரு செலவு.

அடைப்பு சரியா இருந்தா இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சத்தம் 20 டெசிபல் வரைக்கும் கொறையும். பஸ்ஸு இஞ்சின் அடங்கும், கண்டக்டர் விசில் எங்கயோ கேக்கும், நீ வால்யூமைத் திருகாமலே பாட்டு முன்னால வந்து நிக்கும். இதையே மிஷின் வச்சிச் செய்யுற வித்தைக்கு, 1978ல விமானத்துல போகும்போது அமர் போஸ்ங்கிற வங்காளத்து ரத்தம் கணக்குப் போட்டாரு. அவரு கம்பெனி சாமான் வாங்க நீ வேலைக்குப் போகணும். இப்பதிக்கு ரப்பர் போதும்.

சரி, சாமான் எது? ப்ளூடூத்தை மொதல்ல தள்ளு. ஆயிரத்தைநூறு ரூவாயில பேட்டரிக்கு ஒரு பங்கு, சிப்புக்கு ஒரு பங்கு, சார்ஜ் ஏத்துற டப்பாவுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சிக் குடுத்தது போக மிச்சத்துலதான் சத்தத்துக்குச் செலவழிப்பான். ரெண்டு மூணு வருசத்துல பேட்டரி மூச்சை விட்டுரும். அதையெல்லாம் விடு, ஒன் பெட்டியில ப்ளூடூத்தே கெடையாது. அதையாவது பாத்தியாலே?

வயர் வச்சதுல, தலையில மாட்டுறது வேணும்னா சோனியில இசட்எக்ஸ்110ன்னு ஒண்ணு உண்டு, 24 ஓம், ஒன் பெட்டிக்கு அடங்கும். காது மேல அமுக்கி உக்காரும். கண்ணாடி போட்டவனுக்கு மடல் நோவும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல காது அவியும். அமெரிக்காவுல காஸ்னு ஒரு கம்பெனி 1984ல போர்ட்டா புரோன்னு விட்டான். இன்னிக்கும் அதே உருவத்துல விக்கான். மடிச்சிப் பையில போடலாம், பாட்டு நல்லாத் தெறந்து கேக்கும். ஆனா அது காதை அடைக்கிற சாதி இல்ல. பஸ்ஸு சத்தம் ஒனக்கு வரும், ஒன் பாட்டு பஸ்ஸுக்கே கேக்கும். வெலயும் ஒன் கைக்கு மேல. ஆகக்கூடி ஒனக்கு லாயக்கு காதுக்குள்ள சொருகுறதுதான். சீனாவுல ஷென்ஜென் பக்கம் கேஇசட்டுன்னும், செங்டுல மூன்டிராப்னும் கம்பெனிக இருக்கு. மூன்டிராப் 2022ல 'சூ'ன்னு ஒண்ண 20 டாலருக்கு விட்டப்ப, பெரிய பெரிய சாமான் வச்சிருந்தவுகள்லாம் மூக்கு மேல வெரலை வச்சாக. அந்த வகையறாவுல பாரு. ஒன் பட்ஜெட்டுக்கு முன்னப்பின்ன கெடைக்கும்.

வயரைக் கழத்தி மாட்டுற மாதிரி இருந்தா நூறு இருநூறு கூடக் குடுத்தாலும் தப்பில்ல. இயர்போன் செத்துப் போச்சின்னு எங்கிட்டக் கொண்டு வாரதுல பெரும்பாலும் டிரைவர் சாகுறதே இல்ல. பின்னுக்கு ஒரு வெரக்கடை மேல வயர் ஒடிஞ்சிருக்கும். ஏன் ஒடியிது? பாட்டு முடிஞ்சதும் பின்னை உருவாம, பெட்டியச் சுத்தி வயரை இறுக்கிச் சுத்திப் பையில திணிக்கிறதுனால. வெட்டிப் பாத்தா உள்ள செவப்பு, பச்சை, செம்புக் கலருன்னு மயிரு கணக்கா மூணு கொத்து. செவப்பு வலது, பச்சை எடது, செம்பு பொது. அதுல வார்னிஷ் பூசியிருப்பான், ஈயம் ஒட்டாது. சூடான அயர்ன் நுனியில ஈயத்தைத் துளியா வச்சி, அதுக்குள்ள முனைய முக்கிப் பிடிச்சா வார்னிஷ் வெந்து புகையும், அப்புறம் பளபளன்னு பிடிச்சிக்கிடும். கடைக்காரன் பின்னுல தங்க முலாம்னு காட்டுவான். தங்கம் வேர்வையில களிம்பேறாது, அந்த மட்டுக்கும் லாபம். அதனால பாட்டு பளிச்சின்னு கேக்கும்னு அவன் சொன்னா, வயர் மாட்டாத குழாயை நெனச்சிச் சிரிச்சிக்கோ. வயரைக் காதுக்கு மேல கூடிச் சுத்திப் போட்டாச் சட்டையில ஒரசுற கரகரப்பும் கேக்காது.

கடைக்குப் போகும்போது ஒன் பெட்டியைக் கொண்டு போ. அவன் மிஷின்ல, அவன் போட்ட பாட்டைக் கேட்டு எடுக்காத. அவன் வச்சிருக்க பாட்டு எதுல போட்டாலும் நல்லாக் கேக்குத பாட்டாத்தான் இருக்கும். நீ ரெண்டு பாட்டு ஏத்திக்கோ. எங்கயோ உருவி உருவித் தேஞ்ச பாட்டு வேண்டாம், 320 கேபிபிஎஸ்ல இருக்கதா ஏத்து.

ஒண்ணு பழசு. 'கொஞ்சும் சலங்கை' படம், 1962. கோவில்பட்டியிலயே குடியிருந்த நம்ம காருகுறிச்சியார் நாயனம் வாசிக்க, ஜானகியம்மா பாடுனது. கெழவன் பாட்டுன்னு மூஞ்சியச் சுழிக்காத, அதுல காரணம் இருக்கு. அது மோனோ. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தந்தான் போகும். அப்ப நாயனம் எங்க கேக்கணும்? நெத்திக்கு நடுவுல. ஒரு பக்கமாச் சாஞ்சி கேட்டா, ரெண்டு பக்கத்து டிரைவரும் ஜோடி சேரலன்னு அர்த்தம். மலிவுச் சாமான்ல மொதல்ல தவறுறது இதுதான், பெட்டியில எந்த மூலையிலயும் இதப் போடமாட்டான். சாஞ்சா ஒடனே சண்டைக்குப் போகாத. எடதை வலதுலயும் வலதை எடதுலயும் மாத்திச் சொருகிப் பாரு. சாய்வும் கூடவே பக்கம் மாறுச்சின்னா குத்தம் இயர்போன்லயோ பெட்டியிலயோ. மாறாம அதே பக்கம் நின்னா குத்தம் ரப்பர் காதுல உக்காந்த விதத்துல, இல்லன்னா ஒங்காதுல. அப்புறம் நாயனமும் கொரலும் ஒண்ணையொண்ணு வெரட்டிக்கிட்டு மேல ஏறுத எடத்துல கண்ண மூடிக் கேளு. பல்லு கூசுச்சின்னா வச்சிட்டு வா. 'ச' வர்ற எடத்துலல்லாம் 'ஸ்ஸு'ன்னு தைச்சாலும் வச்சிட்டு வா.

இன்னொண்ணு 'ப்ரியா', 1978. தமிழ்ல ஸ்டீரியோவுல பதிஞ்ச மொத படப் பாட்டுக அதுதான்பாக. அதுல எந்த வாத்தியம் எந்தப் பக்கம் உக்காந்திருக்குன்னு ஒன்னால கைய நீட்டிச் சொல்ல முடியணும். எல்லாரும் ஒரே பெஞ்சுல நெருக்கிக்கிட்டு இருந்தா அது ஆகாது.

"நூறு மணி நேரம் பாடவிடுங்க தம்பி, அப்பத்தான் பழகி நல்லாக் கேக்கும்"னு ஒருத்தன் சொல்லுவான். பழகுறது ஒங்காது. அதுக்குள்ள திருப்பிக் குடுக்குற தேதியும் தாண்டிரும், அவனுக்கு அதுதானே வேணும். சென்னைக்குப் போனா ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலாயிர ரூவாச் சாமானை எழுநூறுக்குக் கூவிக் குடுப்பான். பெட்டியில பேரை எழுத்துக்கூட்டிப் படி. ஒரு எழுத்து கூடவோ கொறையவோ இருந்தா, அந்த எழுத்துக்குத்தான் தள்ளுபடி. பின்னுல கறுப்பு வளையம் எண்ணிக்கோ. ரெண்டு இருந்தா பாட்டுக்கு மட்டும், மூணு இருந்தா மைக்கும் சேந்தது. மைக்குக் குடுக்குற காசு ஒனக்குத் தண்டம், அந்தப் பெட்டியில யாருகிட்டப் பேசப் போற?

வால்யூமு விசயம் ஒங்கம்மா சொல்லிருப்பா, நான் கணக்காச் சொல்லுதேன். 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல ஆகாதுன்னு ஒலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூணு டெசிபல் கூட்டுனா நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி நேரம், 86க்கு 10, 89க்கு 5. முழுசாத் திருகுனா எம்புட்டுன்னு நீயே போட்டுக்கோ, பரீட்சைக்கும் ஒதவும். பெட்டியில பத்துக்கு ஆறைத் தாண்டாத. குழா பக்கத்துலயே படுத்துத் தூங்குனதுல எங்காது போச்சி வாஸ்தவந்தான், ஆனா அதுக்கு எனக்குக் கூலி வந்துச்சி. ஒனக்கு எவன் கூலி தாரான்?

நாலஞ்சு மாசம் கழிச்சி ஒரு பக்கம் மந்தமாக் கேட்டா, எங்கிட்ட ஓடியாராம மொதல்ல ரப்பரைக் கழத்தி இயர்போன் மூக்குல இருக்க வலையப் பாரு. ஒங்காது அழுக்குத்தான் அடைச்சிருக்கும். வலையக் கீழ பாக்கப் பிடிச்சி, காஞ்ச பல் பிரஷ்ஷால தட்டி எடு. ஊக்கை விட்டுக் குத்துன, வலை உள்ள போயிரும், அப்புறம் நான் ரிப்பேர்னு பேர் வச்சிக் காசு கேப்பேன்.

ஒன் பழைய இயர்போனை எங்க தூக்கிப் போடப் போற? இங்கன வை. எடது பக்கந்தானே கேக்கல, பின்னுகிட்ட ஒரு கொத்துதான் ஒடிஞ்சிருக்கும். நாளைக்கு வெட்டிப் பத்த வச்சி, ஒந்தங்கச்சிக்கு எம்பது ரூவாய்க்கு வித்துருவேன். அவ நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டா. ஒனக்குக் கமிஷன்லாம் கெடையாது, போலே.